பின்பக்க ஜன்னலும் பெரணிக்காரரும்

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும், "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பதற்கு முன், வாசலில் இருக்கும் தொட்டிச் செடியின் இலையைப் பிடித்துப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்க்கிற மனிதர் ஒருவரை நீங்கள் சந்தித்ததுண்டா? துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட? பல் மருத்துவரின் வரவேற்பறையில் நிற்கும் பிளாஸ்டிக் செடியைக்கூட? அப்படி ஒருவரின் மனைவியான தையல்காரம்மா இந்தப் பழக்கத்தைப் பல வருஷங்களாகக் கவனித்து வருகிறார். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. இப்போதெல்லாம் கணவர் இலையைப் புரட்டுகிற நேரத்தில், இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே நலம் விசாரித்து முடித்துவிடுகிறார்.

பெரணிச் செடி வளர்க்கிற இந்த இனத்துக்குப் பெரணிக்காரர் என்று பெயர். எல்லா ஊரிலும் உண்டு. தோட்டம் போடுகிறவர்களில் இவர் தனிப் பிறவி. ரோஜா வளர்க்கிறவரைச் சமாளிப்பது சுலபம், "அடடா, என்ன நிறம்!" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாள் முழுவதும் குளிர்ந்துபோய்க் கிடப்பார். காய்கறி போடுகிறவர் இன்னும் நல்லவர். வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஒரு பை கத்தரிக்காயைக் கையில் திணித்துத்தான் அனுப்புவார். பெரணிக்காரரிடம் பூ கிடையாது, காய் கிடையாது, வாசனை கிடையாது. நிழலில் ஒரு பச்சை இலை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு பச்சை இலை. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்னதான் செய்வார்?

விளக்குவார்.

நம்முடைய பெரணிக்காரருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்து, வில்லை தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக் கேட்டு உலகத்தைத் தெளிவாக்கி அனுப்புகிற உத்தியோகம். எப்போதோ ஒரு நாள் கடை முதலாளி வாடிப்போன பெரணித் தொட்டி ஒன்றை எடுத்து நீட்டி, குப்பையில் போட்டுவிட்டு வரச் சொன்னார். இவர் போடவில்லை. வாழ்நாளில் முதலாளி பேச்சை அவர் மீறியது அந்த ஒரு முறைதான். அந்த ஒரு முறையே போதுமானதாக இருந்தது.

தொட்டி பிழைத்தது. பிழைத்து, வேர் பிரிந்து, இரண்டாகி, நாலாகி, வீட்டுக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவில் துணி உலர்த்துவதற்கென்று இருந்த சந்து முழுவதையும் பிடித்துக்கொண்டது. மான்கொம்பு மாதிரி கிளைத்தது ஒன்று. பறவைக்கூடு மாதிரி குழிந்தது ஒன்று. கறுப்பு நூல் போன்ற காம்பில் பொடி இலைகள் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருப்பது ஒன்று. துணிக்கொடி மாடிக்குப் போனது. சந்துக்கு மேல் பச்சை வலை வந்தது. வலை போதாதென்று பழைய படுதா வந்தது. படுதாவில் ஓட்டை என்று அதன்மேல் இன்னொரு படுதா வந்தது. உற்றுப் பார்த்தால், அவர் பாடுபட்டு வளர்த்ததெல்லாம் நிழல்தான். பெரணி அதற்குள் தன்பாட்டுக்கு முளைத்துக்கொண்டது.

காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன் தெளிப்பானைக் கையில் எடுப்பார். இலை இலையாகப் பனி தூவுவார். குழாய்த் தண்ணீர் ஆகாது, உப்பு. மழைத் தண்ணீர்தான் வேண்டும். மேகம் கறுத்தால் போதும், சமையலறைப் பாத்திரமெல்லாம் மாடிக்கு ஏறிவிடும். "இனிமே சோறு எதுல வடிக்கறதாம்?" என்று கேட்டால், "மழை விடட்டுமே" என்பார். ஆக, மழைத் தண்ணீர் செடிக்கு, உப்புத் தண்ணீர் குடும்பத்துக்கு. காற்றும் ஆகாது, நுனி கருகிவிடும். ஆகவே சந்துப் பக்கத்துப் பின்னறையில் மின்விசிறி கூடாது. சமையலறைப் புகையும் ஆகாது. ஒரு முறை மைத்துனர் வந்து உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தபோது, உதட்டில் விரலை வைத்து, "கொஞ்சம் மெதுவா..." என்றார்.

"ஏன் அத்தான், யாராவது தூங்கறாங்களா?"

"சுருள் விரியுது."

பெரணியின் புது இலை சுருண்டபடிதான் பிறக்கும். கடிகாரத்துக்குள் இருக்கும் சுருள்வில் போல உள்ளே உள்ளே மடிந்து, நாள் போகப் போக நிமிரும். அழகான காட்சிதான், மறுக்க முடியாது. ஆனால் ஒரு சுருள் விரிந்து முடிவதற்குள் பக்கத்தில் இன்னொன்று தலை நீட்டும். பெரணி வீட்டில் எப்போதும் ஏதோ ஒன்று விரிந்துகொண்டுதான் இருக்கும். மைத்துனர் இப்போதெல்லாம் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுகிறார்.

இதெல்லாம் சில்லறை. பெரணிக்காரரின் உச்சக்கட்டச் சந்தோஷம் எது என்று கேளுங்கள். யாராவது ஒரு விருந்தாளி, பாவம், ஒன்றும் தெரியாதவர், இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு "ஐயோ, பூச்சி!" என்று அலற வேண்டும். அதற்காகத்தான் அவர் காத்திருக்கிறார். விருந்தாளி தானாகப் புரட்டாவிட்டால் இவரே புரட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு நிற்பார். எதிர்வீட்டு பஸ் டிரைவர் ஒரு நாள் அப்படித்தான் மாட்டினார்.

"சார், இலைக்கடியில பொட்டுப் பொட்டா என்னமோ ஒட்டியிருக்கே. பூச்சிங்களா?"

பெரணிக்காரர் கண்ணை மூடித் திறந்தார். முகத்தில் ஒரு கருணை பரவியது.

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்று ஆரம்பித்தார். பெரணிக்குப் பூ இல்லை. பூ இல்லாததால் விதை இல்லை. விதைக்குப் பதிலாக இலையின் அடியில் பழுப்புப் பொட்டுகளாகத் தூள் கட்டி நிற்கும். அந்தத் தூள்தான் அதன் வம்சம். மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ யுகத்துக்கு முன்பே பெரணி இப்படித்தான் பிள்ளை பெற்றது. விவரம் தெரியாதவர்கள் அதைப் பூச்சி என்று நினைத்து மருந்தடித்துக் கொன்றுவிடுகிறார்கள். சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து கடையின் பூதக்கண்ணாடியை எடுத்து டிரைவர் கையில் கொடுத்தார். "பாருங்க. நல்லா பாருங்க."

டிரைவர் பார்த்தார். "ஆமா சார்" என்றார். வேறு என்ன சொல்வது? வண்டி எடுக்க நேரமாகிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பூதக்கண்ணாடியை அவர் எல்லாருக்கும் கொடுப்பார். தான் வைத்துப் பார்க்கமாட்டார். தெரிந்த விஷயத்தை யாராவது திரும்பப் பார்ப்பார்களா?

இனி ஜன்னல் கதைக்கு வருவோம்.

அந்த வீட்டில் பின்னறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. வடக்குப் பார்த்தது. அதன் வழியாக வெயில் உள்ளே வராது. வெளிச்சம் மட்டும் வரும், காலையிலிருந்து மாலை வரை ஏறாமல் இறங்காமல், கூசாமல், நிழல் விழாமல். தையல்காரம்மா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த அன்றே அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு, தன் தையல் மெஷினை அதன் அடியில் கொண்டுபோய்ப் போட்டார். ஊசியில் நூல் கோக்கிறவர்களுக்கு அப்படி ஒரு வெளிச்சம் கிடைப்பது பெரிய விஷயம். பெரணிக்கும் அப்படித்தான். வெயில் படாத, ஆனால் வெளிச்சம் குறையாத இடம். வீடு முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரே ஓர் இடம்தான்.

இரண்டு பேருக்கு ஒரே ஜன்னல். யார் ஜெயித்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் விளிம்பில் ஒரு சின்னத் தொட்டி வந்தது. அப்புறம் கம்பியில் ஒரு கூடை தொங்கியது. கடைசியாக, சந்திலேயே பெரியதும் செழிப்பானதுமான ஒன்று, இரண்டு கையாலும் அணைத்தால்கூட அடங்காதது, அந்த ஜன்னலுக்கு நேரே, மெஷினுக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. பெரணிக்காரர் அதை மகாராணி என்று அழைத்தார். பின்னறை பச்சையாக இருட்டியது. தையல்காரம்மா பகலிலேயே விளக்குப் போட்டுத் தைக்க ஆரம்பித்தார். கறுப்புத் துணி வந்தால் எதிர்வீட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்து கையாலேயே ஓரம் அடித்தார்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் அந்தண்டை நகர்த்தக் கூடாதா?"

"நகர்த்தலாமே. இந்தச் சுருள் மட்டும் விரியட்டும்."

இப்படியே எத்தனை சுருள் விரிந்தது என்பதற்குக் கணக்கில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தையல்காரம்மாவுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. நகரத்துச் செவிலியர் பள்ளிக்குச் சீருடை. முதலில் மாதிரிக்கு ஒரு கட்டு. பிடித்துப்போனால் வருஷா வருஷம் பள்ளி முழுவதற்கும் இவர்தான். இத்தனை நாளாக அக்கம்பக்கத்துக்கு ஓரம் அடித்தும், இடுப்பு பிரித்தும், ஜிப் மாற்றியும் கழிந்த கைக்கு முதல் தடவையாக ஒரு சொந்த வேலை. ஆனால் செவிலியர் சீருடை என்றால் வெள்ளை. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். தையல் போகிற பாதை தெரிய வேண்டுமென்றால் நல்ல பகல் வெளிச்சம் வேண்டும். குழல் விளக்கின் அடியில் அது வெறும் பால் மாதிரி தெரியும். முதல் காலர் கோணிக்கொண்டது. பிரித்தார். இரண்டாவதும் கோணியது.

"இந்த ஒரு கட்டு முடியற வரைக்குமாவது ஜன்னலைக் குடுங்க" என்றார்.

பெரணிக்காரர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். கல்நெஞ்சர் இல்லை, தெரியுமா? "நீ கஷ்டப்படறது எனக்குத் தெரியாதா? ஆனா செடிக்கழகத்துலேர்ந்து பார்க்க வர்றாங்க. கண்காட்சியில நடுமேடைக்கு மகாராணியைத்தான் எடுப்பாங்கன்னு பேச்சு. இப்ப போய் இடம் மாத்தினா இலையெல்லாம் கொட்டிடும். அவங்க வந்துட்டுப் போகட்டும்."

சரி, போகட்டும் என்று தையல்காரம்மா குனிந்தார். அப்போதுதான் பிசுக்கு ஆரம்பித்தது.

வெள்ளைத் துணியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளி. தொட்டால் ஒட்டியது. மெஷின் எண்ணெயோ என்று மெஷினைப் பிரித்துத் துடைத்தார். மறுநாளும் துளி. மேலே அண்ணாந்து பார்த்தார். மகாராணியின் இலைகள் பளபளவென்று மின்னின. கம்பியின் மேல் ஓர் எறும்பு வரிசை, ஏதோ பந்திக்குப் போகிற மாதிரி அவசரமாக ஏறிக்கொண்டிருந்தது.

"ஏங்க, உங்க மகாராணி ஒழுகறா."

"வியர்வை" என்றார் பெரணிக்காரர். "செழிப்பா இருந்தா அப்படித்தான்."

"எறும்பு வருதே?"

"வரட்டுமே. அதுக்கும் நல்லது எதுன்னு தெரியுது பாரு."

தையல்காரம்மா முக்காலியைப் போட்டு ஏறி இலையைப் புரட்டிப் பார்த்தார். பழுப்புப் பொட்டுகள். வழக்கமான பொட்டுகள்தான், ஆனால் வழக்கமான இடத்தில் இல்லை. இலையின் நடு நரம்பில் சில, காம்பில் சில, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு சில. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொடிப் பொட்டு ஒன்று இடம் மாறியது.

"ஏங்க! இது நகருது!"

உங்களுக்கும் எனக்கும் இப்படி யாராவது சொன்னால் என்ன செய்வோம்? எழுந்து போய்ப் பார்ப்போம். நாற்காலியிலிருந்து முக்காலி வரைக்கும் எத்தனை தூரம்? ஆனால் பெரணிக்காரருக்கு அந்த வாக்கியம் வேறு விதமாகக் காதில் விழுந்தது. இத்தனை வருஷமாக விருந்தாளிகளெல்லாம் சொன்னதையே தன் வீட்டுக்காரியும் சொல்கிறாள் என்று விழுந்தது. கண்ணை மூடித் திறந்தார். அந்தக் கருணை முகத்தில் பரவியது.

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க..."

யுகங்கள், தூள், வம்சம், மருந்தடிக்கும் மூடர்கள் என்று ஒன்று விடாமல் முழுப் பிரசங்கமும் முக்காலியின் மேல் நின்றபடியே கேட்க வேண்டியதாயிற்று.

விவகாரம் மகளிடம் போனது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். ஆகவே மருந்துச் சீட்டோ மின்கட்டணமோ, வீட்டில் எது தகராறானாலும் தீர்ப்பு அவள் ஃபோனில்தான். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே தேடினாள்.

"பெரணி இலைக்கடியில் பழுப்புப் புள்ளிகள்... இதோ. 'பயப்பட வேண்டாம், இவை விதைத்தூள், இயற்கையானவை'ன்னு போட்டிருக்கும்மா. அப்பா சொல்றது சரிதான்."

"அது நகருதுடி."

"நீ ராத்திரி பகலா வெள்ளையிலே வெள்ளை தைக்கறே. எல்லாம் நகரத்தான் செய்யும்." மற்றக் காலுக்குச் செருப்பு கிடைத்தது. போய்விட்டாள்.

பாருங்கள், கெட்டவர்கள் யாருமே இல்லை. எல்லாரும் படித்தவர்கள், அவ்வளவுதான்.

மகள் சொன்ன கடைசி வார்த்தை மட்டும் பெரணிக்காரரை உறுத்தியது. மனைவியின் கண்! கண்ணாடிக் கடையில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் விட்டோமே என்று பதறிப்போனார். அன்றைக்கே கடைக்கு அழைத்துப் போனார். உயர்ந்த நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். மற்றதை மூடி வாசிக்கச் சொன்னார். தானே வில்லை தேய்த்து, இருப்பதிலேயே லேசான ஃபிரேமில் பொருத்தி, காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று தடவிப் பார்த்து மாட்டிவிட்டார். "இப்ப தெரியுதா?" என்றார். குரலில் அவ்வளவு பிரியம்.

தெரிந்தது. வீட்டுக்கு வந்து முக்காலியில் ஏறி இலையைப் புரட்டியபோது இன்னும் நன்றாகத் தெரிந்தது. பொட்டுக்குக் கால் இருந்தது.

தையல்காரம்மா வாயைத் திறந்தார். திறந்த வாயோடு அப்படியே நின்றார். மகாராணியின் பின்னால், இரண்டு இலைகளின் இடுக்கில், விரல் அகலத்துக்கு ஜன்னல் தெரிந்தது. விரல் அகலத்துக்கு வெளிச்சம் வந்து மெஷினின் தலையில் விழுந்திருந்தது. நேற்றைக்கு அந்த இடுக்கு இல்லை. ஓர் இலை மஞ்சளாகிக் கீழே விழுந்திருக்கிறது. இன்னும் சில இலைகள் விழுந்தால்?

வாயை மூடிக்கொண்டு இறங்கினார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பொய் சொல்லாதீர்கள்.

மெஷினுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் பந்தல் மாதிரி கட்டிக்கொண்டார். பிசுக்கெல்லாம் அதன் மேல் விழுந்தது. உள்ளே புழுக்கம் பிடுங்கியது, விசிறியும் கிடையாது. பெரணிக்காரர் மாலையில் வந்து பந்தலைப் பார்த்துவிட்டு, "நல்ல யோசனை, ஈரப்பதம் நிக்கும். மகாராணிக்கு ரொம்ப இதம்" என்று பாராட்டினார். தையல்காரம்மா புதுக் கண்ணாடி வழியாக அவரை ஒரு பார்வை பார்த்தார். காலர்கள் இன்னும் கோணிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் இடுக்கு நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டு வந்தது. பெரணிக்காரரோ உதிர்ந்த ஒவ்வோர் இலையையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "பழசு போனாத்தானே புதுசு வரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

செடிக்கழகச் செயலாளர் அம்மா ஒரு விடுமுறை நாள் காலையில் வந்தார். பெரிய கைப்பை, மெல்லிய நடை, எந்தச் செடியைப் பார்த்தாலும் "ம்" என்று மட்டும் சொல்கிற வழக்கம். சந்தில் ஒவ்வொரு "ம்"முக்கும் பெரணிக்காரருக்கு ஒரு சுற்று மூச்சு நின்று வந்தது. கடைசியாகப் பின்னறைக்குள் அழைத்து வந்தார். தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். மகள் கையில் தேநீர்த் தட்டோடு நின்றாள்.

"இதான் மேடம் மகாராணி."

"கொஞ்சம் இலை கொட்டியிருக்கே, சார்?"

"விதைத்தூள் காலம் மேடம். சக்தியெல்லாம் அங்க போயிடுது. எப்படிக் கட்டியிருக்குன்னு பாருங்க, நம்ம ஊர்லயே இந்த அளவுக்கு யார்கிட்டயும் கட்டியிருக்காது." இலையைப் புரட்டிப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். "நல்லா பாருங்க."

அவருக்கு வாய்த்த துரதிர்ஷ்டம், அந்த அம்மா நல்லாவே பார்த்தார்.

"சார்... இதுக்குக் கால் இருக்கு."

"நார் மேடம். காத்துல ஏதாவது வந்து ஒட்டியிருக்கும்."

"நடக்குது சார்!"

"அது... வில்லையில கீறல் இருந்தா அப்படித் தெரியும்." இத்தனை வருஷமாக வில்லை தேய்த்த மனிதர் தன் கையால் தேய்த்த வில்லையையே காட்டிக்கொடுத்தார். பாவம், வேறு யாரும் கைக்குச் சிக்கவில்லை.

செயலாளர் அம்மா பூதக்கண்ணாடியைத் தேநீர்த் தட்டில் வைத்துவிட்டு, சிலிர்த்துக் கிளம்புகிற கோழி மாதிரி உடையை உதறிக்கொண்டு வாசல் பக்கம் பின்வாங்கினார். "செதில் பூச்சி சார்! செடி முழுக்க! ஐயையோ, எங்க வீட்ல சாம்பல் பெரணி இருக்கு, நான் இதைத் தொட்டுட்டேனே! இவ்வளவு பிசுக்கு, இவ்வளவு எறும்பு... இந்த வீட்ல ஒருத்தர் கண்ணுலயுமா படலை?"

அறையில் எல்லாரும் தையல்காரம்மாவைப் பார்த்தார்கள். ஏன் அவரைப் பார்த்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

"பட்டுது. சொன்னேன்" என்றார் தையல்காரம்மா. "கண்ணாடி போட்டு விட்டாங்க."

மகள் தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டு மெதுவாக ஃபோனை எடுத்தாள். முன்பு பார்த்த அதே பக்கம். இந்த முறை விரலால் கொஞ்சம் கீழே தள்ளினாள். "அப்பா... இங்க ரெண்டாவது பத்தி ஒண்ணு இருக்கு. 'ஆனால் இலையில் பிசுக்கும் எறும்பும் இருந்தால்'னு ஆரம்பிக்குது..." முழுவதும் படிக்கவில்லை. இரண்டு பட்டம் வாங்கினாலும் இரண்டாவது பத்தி வரைக்கும் யார் போகிறார்கள்? அன்றைக்கு அவளுக்கு அது சிரிப்பாக வரவில்லை.

மாலைக்குள் மகாராணி இறங்கினார். இலைகளையெல்லாம் அடியோடு வெட்டிப் பைக்குள் கட்ட வேண்டும், மிச்சத்தை மாடியில் தனியே வைத்து மருந்தடிக்க வேண்டும் என்று செயலாளர் அம்மா வாசலில் நின்றபடியே உத்தரவு போட்டுவிட்டுப் போயிருந்தார். பெரணிக்காரர் பின்னறைத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காம்பாக வெட்டினார். ஜன்னல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. சாயங்கால வெளிச்சம்தான் என்றாலும், வெகுகாலத்துக்குப் பிறகு அந்த அறையின் சுவர் என்ன நிறம் என்று தெரிந்தது. தையல்காரம்மா பந்தலைப் பிரித்தார். ஒரு காலரை எடுத்து ஊசியின் கீழே வைத்தார். வெள்ளைத் துணியில் வெள்ளைத் தையல் தன் பாதையில் நேராக ஓடுவதைக் கண்ணால் பார்த்தார். நெஞ்சுக்குள் ஒரு துள்ளல் எழுந்தது. கணவர் அப்படி உட்கார்ந்திருக்கும்போது துள்ளுவது சரியில்லை என்று அதை அடக்கிக்கொண்டார்.

"எப்படி எனக்குத் தெரியாம போச்சு?" என்றார் பெரணிக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

மெஷின் நின்றது.

அவர் நிமிர்ந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஏதோ ஒன்று தொண்டை வரைக்கும் வந்தது, வந்தது தையல்காரம்மாவுக்கு நன்றாகவே தெரிந்தது.

"நீ..." என்றார்.

தையல்காரம்மா காத்திருந்தார்.

"நீ... அந்தப் பெரிய கத்தரியைக் கொஞ்சம் குடு. இது வெட்டலை."

கொடுத்தார். துணி வெட்டுகிற கத்தரி. அவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அன்றைக்குக் கொடுத்தார்.

சீருடைகள் போய்ச் சேர்ந்தன. பள்ளிக்குப் பிடித்துப்போனது, அடுத்த கட்டுத் துணி வந்து பின்னறையில் அடுக்காகி நிற்கிறது. ஜன்னலில் ஒன்றும் இல்லை. இத்தோடு பெரணிக்காரர் திருந்திவிட்டார், இலையைப் புரட்டுகிறவரின் கை அடங்கிவிட்டது என்று நினைத்தீர்களானால், உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

இப்போது அவர் செதில் பூச்சியைப் பற்றி விளக்குகிறார்.

வீடு வீடாகப் போகிறார். இலையைப் புரட்டுகிறார். வீட்டுக்காரர்கள் பழைய பாடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, "இது விதைத்தூள்தானே சார், நீங்கதானே சொன்னீங்க?" என்று பெருமையாகச் சொன்னால், கண்ணை மூடித் திறந்து, "எல்லாரும் இப்படித்தான் ஏமாறுவாங்க" என்று ஆரம்பிக்கிறார். சட்டைப் பையில் பூதக்கண்ணாடிக்குப் பக்கத்தில் இப்போது ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் இருக்கிறது. அதைக் கொண்டு, ஒரு நோயும் இல்லாத பெரணிகளின் வம்சத்தையெல்லாம் வரிசை வரிசையாகத் தேய்த்து எடுத்துவிடுகிறார். எதிர்வீட்டு டிரைவர் ஆசையாக வைத்திருந்த ஒரே ஒரு பெரணித் தொட்டி அப்படித்தான் மலடாகிப்போனது. "ஆமா சார்" என்றார் டிரைவர். வண்டி எடுக்க நேரமாகிக்கொண்டிருந்தது.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருத்தர் இருக்கிறார், எங்கள் மாமா அச்சு அசல் இப்படித்தான் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லப் போகிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் அந்தப் பக்கத்தில் இருப்பவரின் முகத்தை ஒரு தடவை பாருங்கள். சென்ற வாரம் அவர் உங்களிடம் ஏதோ ஒன்று சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? சின்ன விஷயம்தான். "இது என்னமோ மாதிரி இருக்கு, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றார். நீங்கள் எழுந்து போனீர்களா, அல்லது உட்கார்ந்த இடத்திலிருந்தே விளக்கினீர்களா?

பெரணிக்காரர் வீட்டுக்கு இன்னமும் விருந்தாளிகள் வருகிறார்கள். முன்னறையில் உட்காரவைத்து மகாராணியின் கதையைச் சொல்வார். தையல்காரம்மா பின்னறையில் நல்ல வெளிச்சத்தில் தைத்துக்கொண்டே கேட்பார். கதை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "ஒரு நாள் எனக்கே ஒரு சந்தேகம் வந்துது. பொட்டு நகர்ற மாதிரி இருந்துது..." அந்த இடம் வந்ததும் மெஷினின் மேல் இருக்கும் கால் தானாக நின்றுவிடும். முதலில் பார்த்தது யார் என்று ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான் பாக்கி. முன்னறை வாசலுக்குப் போய் அதை வாய்விட்டுக் கேட்டால் கொடுத்துவிடுவார். மனிதர் அப்படியொன்றும் மோசம் இல்லை. ஆனால் கேட்டால், "அப்புறம் ஏன் திரும்பச் சொல்லலை? கண்ணாடி போட்ட பிறகு தெரியலையா?" என்று அவர் திருப்பிக் கேட்கக்கூடும். அதற்குத் தையல்காரம்மாவிடம் பதில் இருக்கிறது. விரல் அகலத்துக்கு ஒரு பதில். அதை யாரிடமும் சொல்வதாக உத்தேசம் இல்லை.

முன்னறையில் கதை அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. கால் மறுபடி மிதிக்கத் தொடங்குகிறது. பெரணிக்காரர் தர வேண்டியது, அவர் அறியாமலே, இன்னும் அப்படியே நிற்கிறது.